ஆறாம் அத்தியாயம்: எதை வெற்றி என்று கணக்கில் எழுதுவது?

புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடையில் மூன்று வருடம் வேலை செய்தேன். தீபாவளிக்கு முதல் கிழமை கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து முதலாளி முகம் மலர்ந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. தைப்பொங்கல் முடிந்து வீதி வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு பின்னேரத்தில்தான் பேரேட்டை விரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். "வந்த சனத்தை எண்ணாதை தம்பி. மிஞ்சின சரக்கையும் வரவேண்டிய காசையும் எண்ணு."

றப் பாடுகிற பிள்ளைகள் என்னிடம் வந்து கைபேசியை நீட்டும்போதெல்லாம் அந்தக் குரல்தான் காதில் கேட்கும். "அண்ணா, ரெண்டு லட்சம் வியூஸ் போயிருக்கு" என்பார்கள். சந்தோஷப்படத்தான் வேண்டும், நானும் சந்தோஷப்படுகிறேன். பிறகு கேட்பேன்: பீட் யாருடையது? பாட்டு யாருடைய பெயரில் ஏற்றப்பட்டிருக்கிறது? அடுத்த பாட்டுக்குக் காசு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் பதில் வராது.

பாட்டு எழுதுவது, மூச்சுப் பிடிப்பது, பதிவு செய்வது எல்லாவற்றையும் முன் அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருந்துகொண்டு தமிழில் றப் செய்கிற ஒருவர், தான் சரியான வழியில்தான் போகிறேனா என்று எப்படி அறிந்துகொள்வது என்பதே இனிக் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் கழிந்த பிறகும் நீங்கள் பாட்டுச் செய்துகொண்டிருக்க வேண்டும், செய்த பாட்டுகள் உங்கள் பெயரில் இருக்கவேண்டும். இவை இரண்டும் இருந்தால் உங்களை வென்றவர் என்றே நான் எழுதுவேன். புகழ், பரிசு, சினிமா எல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்கிற வரவுகள்.

முன்னால் போனவர்கள்

இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகள் புதுத் தாளத்தோடு மேடையேறிப் பெயரெடுத்தது றப்போடு தொடங்கிய கதை இல்லை. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய காலத்தில் அதைப் பொப்பிசை, துள்ளிசை என்று சொன்னார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், இளசுகள் ஆடினார்கள். 'சின்ன மாமியே' பாடலை யார் எழுதினார் என்று தெரியாதவர்களுக்கும் அதன் மெட்டுத் தெரியும். 'சுராங்கனி' கடல் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் பாடப்பட்டது. மனோகரன் 2018இல் காலமானார், பாட்டு இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வகை வெற்றிக்கு எண்ணிக்கை காட்டும் பலகை எதுவும் இருக்கவில்லை.

றப்புக்கு வந்தால் 2006ஐ மறக்கக்கூடாது. அந்த ஒரே வருடத்தில் கொழும்பிலிருந்து கிருஷான் மகேசனின் 'ஏசியன் அவெனியூ' வந்தது, மலேசியாவிலிருந்து யோகி பி – நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வந்தது. 1994இலேயே 'காதலன்' படத்தில் சுரேஷ் பீட்டர்ஸ் பாடிய 'பேட்டை ராப்' இருந்தது உண்மை. ஆனால் அது படத்துக்காகச் செய்த பாட்டு. படமில்லாமல், தங்கள் பெயரிலேயே ஓர் இசைத்தட்டு என்று துணிந்த இந்த இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். சிங்கள இசைத் தயாரிப்பாளர் இராஜ், கிருஷானையும் இன்னொரு தமிழ் றப்பர் சுஜித் ஜீயையும் சேர்த்துக்கொண்டு செய்த 'ஜே டவுன் ஸ்டோரி' சிங்களப் பிள்ளைகளின் காதிலும் விழுந்தது. கொழும்பில் இருப்பவருக்கு இப்படியொரு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. மொழி தெரியாதவர் உங்கள் தாளத்தை நிறுத்திக் கேட்டால் அதையும் வரவில் எழுதுங்கள்.

அடுத்தது சினிமா. ஏடிகே என்று நாம் அழைக்கும் ஆர்யன் தினேஷ் கனகரத்தினம் கொழும்புப் பிள்ளை. 2013இல் வந்த 'கடல்' படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் 'மகுடி' பாடினார். 'அச்சம் என்பது மடமையடா' படத்தின் 'ஷோக்காளி'யிலும் அவர் குரல் இருக்கிறது. சென்னையில் ஹிப்ஹாப் தமிழா ஆதியும் ஜீவாவும் 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' என்ற தனித்தொகுப்போடு தொடங்கி, 2015இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைப்பாளர்களானார்கள். அந்தப் பக்கம் ஏன் எல்லாரையும் இழுக்கிறது என்பதற்குக் காரணம் சனத்தொகைதான். 2012 கணக்கெடுப்பில் இலங்கையில் ஏறத்தாழ 2 கோடியே 3 லட்சம் பேர். வடக்கு, கிழக்கு, மலையகம், முஸ்லிம் மக்கள் என்று தமிழ் பேசுவோர் எல்லாரையும் கூட்டினாலும் நாலில் ஒரு பங்குக்குள்தான். தமிழ்நாட்டில் 2011இலேயே 7 கோடிக்கு மேல்.

சினிமா அழைத்தால் போங்கள். ஆனால் அதை விருந்தாளியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி வாடகைக்கு வீடெடுக்காதீர்கள். அழைப்பு வரும் வரும் என்று மூன்று வருடம் சொந்தப் பாட்டு ஒன்றும் செய்யாமல் இருந்த திறமைசாலிகளை எனக்குத் தெரியும். அவர்கள் தொலைத்தது அந்த மூன்று வருடத்தை.

புலம்பெயர்ந்தவர்களின் வழி வேறு. மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2009இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்காகக் கிராமி பரிந்துரையும் ரகுமானோடு சேர்ந்து செய்த பாட்டுக்காக ஒஸ்கார் பரிந்துரையும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரன்டோவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல் 2021இல் தன் தொகுப்புக்கு 'மேட் இன் ஜஃப்னா' என்றே பெயர் வைத்தார். இருவரும் ஆங்கிலத்தில் பாடினாலும் ஊரை மறைக்கவில்லை. அவர்களிடம் நாம் கற்கவேண்டியது அதைத்தான். அவர்களுடைய சந்தை வேறு, அதை இங்கிருந்து நகல் எடுக்க முடியாது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க் பிரொங்க்ஸ் பகுதியில் ஒரு மாடிக்குடியிருப்பில் தங்கையின் விருந்துக்குத் தட்டுகளைச் சுழற்றினாரே டிஜே கூல் ஹெர்க், அவரிடமிருந்துதான் ஹிப்ஹாப் பிறந்தது என்று உலகமே கொண்டாடுகிறது. அதே மனிதர் 2011இல் சிறுநீரகக் கல்லுக்கு வைத்தியம் செய்யக் காப்புறுதி இல்லாமல் தவித்தார். ஒரு கலையையே தொடக்கிவைத்தவருக்கு ஆஸ்பத்திரிக் காசு இல்லை. இதைப் படித்துப் பயப்படச் சொல்லவில்லை. பெயரும் பணமும் ஒரே குழாயில் வருவதில்லை என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வியூஸ் எப்படிக் காசாகிறது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். யூடியூப்பில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வை நேரமும் வேண்டும். அல்லது 90 நாளில் குறுங்காணொளிகளுக்கு 1 கோடி பார்வைகள். அதன்பிறகும் கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் காசு வங்கிக்கு வரும். ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. 2024இலிருந்து, 12 மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு அங்கே பங்கு கிடையாது.

இலங்கையிலிருந்து பார்க்கிறவரின் விளம்பரக் காசும் கனடாவிலிருந்து பார்க்கிறவரின் விளம்பரக் காசும் ஒன்றில்லை. ஆகவே "எத்தனை வியூஸ்" என்பதைவிட "எந்த ஊரிலிருந்து, கடைசிவரை கேட்டார்களா" என்பது முக்கியம். இரண்டையும் யூடியூப்பின் கணக்குப் பக்கமே காட்டும். மாதத்துக்கு ஒருதடவை பாருங்கள், நாளுக்குப் பத்துத் தடவை பார்க்காதீர்கள்.

எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் வழி இருக்கிறது என்பதற்கு ஒரு கதை. லொஸ் ஏஞ்சலிஸ் றப்பர் நிப்சி ஹஸ்ல் 2013இல் 'கிரென்ஷோ' தொகுப்பை இணையத்தில் இலவசமாகக் கேட்க விட்டுவிட்டு, கையில் பிடிக்கிற பிரதி 1,000 மட்டும் அடித்து, ஒன்று 100 டொலர் என்று விலை வைத்தார். எல்லாம் போய்விட்டது. றப்பர் ஜே-ஸீ ஒருவரே 100 பிரதி வாங்கினார். ஆயிரம் பேர் போதும் என்று எண்ணிய அந்த மனிதரைப் புறக்கோட்டை வியாபாரி ஒருவர் உடனே புரிந்துகொள்வார். பிறகு நிப்சி தான் வளர்ந்த பகுதியிலேயே துணிக்கடை போட்டார்.

பாட்டு யாருடையது

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டு வந்தது. றப்பர் அறிவும் பாடகி தீயும் பாடினார்கள், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் நாடு பெயர்க்கப்பட்ட சனத்தின் கதை அந்தப் பாட்டின் அடியில் இருக்கிறது. புறக்கோட்டைக் கடைகளில் சாமான் கட்டுகிற அட்டன், நுவரெலியாப் பிள்ளைகள் அதைக் கேட்டு ஏன் அப்படி நின்றார்கள் என்று இதை வைத்தே விளங்கும். பல கோடிப் பார்வைகள். உலகம் முழுவதும் ஆடினார்கள்.

பிறகு நடந்ததையும் பாருங்கள். 2022இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியது. இசையமைத்தது, எழுதியது, பாடியது தானே என்று அறிவு எழுதினார், மற்ற இருவரும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். யார் எதைச் செய்தார் என்று பகிரங்கமாக வாதாட வேண்டிய நிலை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களில் ஒருவருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் அதைவிட வெற்றி ஏது? அவர்கள் கணக்குக் கொப்பியிலோ வரவுப் பக்கம் வெறுமை.

அறிவு அங்கே நின்றுவிடவில்லை. 2019இல் 'தெருக்குரல்' செய்தவர், 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று பாட்டியின் பெயரிலேயே ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். அவரை வென்றவர் என்று நான் சொல்வது அந்தப் பல கோடிப் பார்வைக்காக இல்லை, அதன்பிறகும் எழுதியதற்காக.

இனி நம் நாட்டுச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே வரிகள் உங்களுடையவை. எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் அந்த உரிமை இருக்கும். உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அதில் அடக்கம். உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றுவதென்றால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேண்டும். பதிவு இல்லாதபடியால் சாட்சி உங்கள் கையில்தான் இருக்கவேண்டும். முதல் எழுத்துப் பிரதி, திகதியோடு உங்களுக்கே அனுப்பிய மின்னஞ்சல், ஸ்டூடியோச் சிட்டை, எதையும் எறியாதீர்கள்.

நான் எறிந்தேன். இருபத்திரண்டு வயதில் ஒரு விளம்பரத்துக்காக எட்டு வரி எழுதிப் பாடிக் கொடுத்தேன். வாய்ப்பேச்சு, கையில் கொஞ்சக் காசு, ஒரு தேத்தண்ணி. அந்த வரிகள் இரண்டு வருடம் வானொலியில் போயின. பஸ்ஸில் கேட்கும்போது பக்கத்தில் இருந்தவரிடம் "இது என்ரை" என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. நம்பவைக்க என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை.

பீட் விஷயத்தில் இன்னும் கவனம். இணையத்தில் சில டொலருக்குக் கிடைக்கும் பீட் பெரும்பாலும் குத்தகைதான். அதே பீட்டை இன்னும் நூறு பேர் எடுத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டை யூடியூப்பின் உரிமைகோரல் முறையில் முதலில் சேர்த்துவிட்டால், உங்கள் பாட்டின் விளம்பரக் காசு அவர் பக்கம் போகலாம். குத்தகைச் சீட்டில் எத்தனை தடவை ஓடலாம், எத்தனை வருடம் என்றெல்லாம் எல்லை போட்டிருக்கும். அதை வாசித்துவிட்டு வாங்குங்கள். நாலு பாட்டுக்கு இணையத்துப் பீட் வாங்கும் காசை, ஜம்பட்டா வீதியிலோ தெகிவளையிலோ மடிக்கணினியோடு இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து ஒரு பீட் செய்விப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். தாளம் உங்கள் தெருவினுடையதாக இருக்கும், ஆளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்.

அந்தப் பிள்ளையோடு ஒரு பங்குத் தாள் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டின் பெயர், திகதி, வரிகள் யார், மெட்டு யார், பீட் யார், பாடியவர் யார், ஒவ்வொருவருக்கும் நூற்றில் எத்தனை, யார் எந்தப் பெயரில் ஏற்றுவது, இருவர் கையொப்பம். ஒரு பக்கம் போதும். பாட்டு முடிந்த அன்றே, சிநேகிதம் சூடாக இருக்கும்போதே எழுதவேண்டும். ஓடின பிறகு எழுதப் போனால் அது வழக்கு.

வேலையை விடவேண்டுமா

வேண்டாம். குறைந்தது இரண்டு வருடக் கணக்கு வேறு பதில் சொல்லும்வரை வேண்டாம்.

ஒரு பாட்டுக்குப் பதிவு, பீட், மிக்ஸிங், காணொளி எல்லாம் சேர்த்து 60,000 ரூபா போனது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு வருடத்தில் மேடை, விளம்பரப் பங்கு, சட்டை விற்றது என்று 35,000 கொண்டுவந்தால் உங்கள் வேலை மிச்சம் 25,000ஐப் போட்டது. அதில் வெட்கமில்லை. அந்த வேலைதான் உங்கள் இசைத்தட்டு நிறுவனம், அது உங்களிடம் உரிமைப் பத்திரம் கேட்பதுமில்லை. அடுத்த வருடம் இடைவெளி 15,000 ஆனால் வளர்ச்சி. 60,000ஐயும் பாட்டே திருப்பித் தந்தால், இந்த நாட்டில் தமிழில் றப் செய்கிறவருக்கு அது பெரிய வெற்றி, வீட்டில் சொல்லிக் கொண்டாடுங்கள்.

கடையில் நிற்கிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. முதலாம் குறுக்குத் தெருவில் மைக்கும் சவுண்ட் கார்டும் விற்கிற கடைக்காரர் ஒரே மூச்சில் தமிழ், சிங்களம், மறுபடி தமிழ் என்று விலை பேசுவதைக் கேளுங்கள். ஓல்கொட் மாவத்தையில் பஸ் நடத்துநர் ஊர்ப் பெயர்களை அடுக்குவதைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சு, மலையகத்துப் பேச்சு, முஸ்லிம் வீட்டுப் பேச்சு, கொட்டாஞ்சேனைப் பேச்சு எல்லாம் சிவப்புப் பள்ளிவாசலுக்கும் செட்டியார் தெருவுக்கும் நடுவில் அரை மணி நேரத்தில் காதில் விழும். சென்னைத் தமிழைக் கடன் வாங்கிப் பாடுகிற கொழும்புப் பிள்ளையைப் பார்க்கும்போது எனக்கு மனம் நோகும். அங்கே அதைச் சிறப்பாகச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே உள்ளதை எழுத நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

யார் வாயில்

காசுக் கணக்கில் சேராத ஒரு வரவு இருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். சாமான் ஏற்றிய தள்ளுவண்டியை மெயின் வீதி நெரிசலில் இழுத்துப் போகிற நாட்டாமி ஒருவர், உங்கள் முகமும் பெயரும் தெரியாமல், உங்கள் வரியைச் சொல்லிக்கொண்டு போகிறாரா? சிநேகிதர் சொன்னால் கணக்கில் சேராது. சொந்தக்காரர் பகிர்ந்தாலும் சேராது. உங்களுக்குக் கடமைப்படாத ஒருவரின் வாய்க்கு அந்த வரி போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். 'சின்ன மாமியே' அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இதற்குக் கருவி கிடையாது. நடந்து திரிந்து காது கொடுத்தால்தான் தெரியும்.

கணக்குப் பார்க்க ஒரு நாளையும் வைத்துக்கொள்ளுங்கள். புறக்கோட்டைக் கடைகளில் சித்திரை வருடப்பிறப்போடு புதுக்கணக்குத் தொடங்குவார்கள், கைவிசேஷம் கொடுப்பார்கள். நீங்களும் அன்றைக்கே மலிபன் வீதியில் ஒரு கணக்குக் கொப்பி வாங்குங்கள். போன வருடம் முடித்த பாட்டுகளின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாருடைய பெயரில் இருக்கிறது, எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, யாரோடு கையொப்பம் ஆகவில்லை என்று எழுதுங்கள். கையொப்பம் ஆகாத ஆள் இருந்தால் அன்றே கைபேசியை எடுத்துக் கூப்பிடுங்கள், முக்கியமாக உங்கள் பீட் செய்த பிள்ளையை. அவருக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால், முதல் கைவிசேஷம் அவருக்குப் போகட்டும்.